பின்வாசல் வழியாக வரும் தம்பி

லூசி நர்ஸம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன மருந்து என்று சொல்லாமல் யாருக்கும் ஊசி போடமாட்டார். கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, "கண்ணு, இது அம்மை வராம இருக்கறதுக்கு. கொஞ்சூண்டு வலிக்கும்" என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் தொடையைத் தொடுவார். கல்வராயன் மலையில், கரியாலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படியே காலமெல்லாம் ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, அட்டைக்கடியும் வாங்கி, ரிட்டயர் ஆனார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊர்க் காலனி வீட்டில் வந்து உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஊசிப் பழக்கத்தைப் புத்தகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார், அங்கேதான் வில்லங்கம். யாரைப் பற்றி எழுதியிருக்கிறாரோ, அவர் உயிரோடு இருந்தால், நேரில் போய் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அச்சுக்குப் போகும். திருக்கோவிலூரில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருக்கும் தமிழ்வேந்தன் இதைக் கேட்டு நொந்தே போனார்.

"அம்மா, எல்லாரையும் கேட்டுக்கினு இருந்தா புக்கு எப்பம்மா வர்றது? ஊர்ல யாரும் இப்பிடி பண்றதில்லீங்க."

"ஊசி போடறதுக்கு முன்னாடி சொல்றேன் இல்ல? இதுவும் குத்தற வேலைதான் தம்பி," என்றார் லூசி.

மலையேறிப் போய்ப் பொன்னுரங்கத்துக்குப் படித்துக் காட்டினார். சாலை வருவதற்கு முன்னால், பொண்டாட்டியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியிலேயே பிரசவமாகி, பாறைமேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுத மனிதர் அவர். கேட்டு முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் சரிதாங்கம்மா. அழுததுதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது. பேரப் புள்ளைங்க படிக்கும்ங்க. கம்மி பண்ணிக்குங்க." லூசியும் கம்மி பண்ணினார். குலுங்கிக் குலுங்கி என்பதை அடித்துவிட்டு வெறுமனே அழுதார் என்று போட்டார். பொன்னுரங்கம் திருப்தியாகிக் கடுக்காய் ஒரு பை கொடுத்தனுப்பினார்.

இப்படி ஒவ்வொருவராக முடிந்து, மிச்சம் இருந்தது ஒரே ஆள். கூடப் பிறந்த தம்பி சேவியர்ராஜ். கள்ளக்குறிச்சியில் அரசு அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க். ஐம்பதைத் தாண்டிய அதிகாரியை 'அவன்' என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் அக்காளின் கண்ணுக்கு அவன் இன்னும் மூக்கொழுகிக்கொண்டு நிற்கிற பயல். அதனால் இங்கேயும் அவன் என்றே இருக்கட்டும்.

ஏழாம் அத்தியாயம் முழுக்கவும் அவன் சம்பந்தப்பட்டது. அம்மா செத்த கதை.

அந்த ஊர்க் கோயிலில் அந்தக் காலத்தில் இரண்டு தூம்பாக்கள் இருந்தன. தூம்பா என்றால் பிணத்தைக் கல்லறைக்குத் தூக்கிப்போகும் மரப்பெட்டி. புதைக்கும்போது உடம்பு மட்டும் குழிக்குள் இறங்கும், பெட்டி கோயிலுக்குத் திரும்பிவிடும். அடுத்த சாவுக்கு வேண்டுமே! ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, ஆனால் தூம்பா மட்டும் இரண்டு. கோயில் தெருக்காரர்களுக்குக் கறுப்பு வர்ணம் பூசி, பித்தளைப் பிடி போட்டது ஒன்று. காலனிக்காரர்களுக்குப் பழைய பலகையில் அடித்தது ஒன்று. கல்லறையும் இரண்டு, நடுவில் சுவர். இப்போது தூம்பா போய் ஐஸ் பெட்டியும் வண்டியும் வந்துவிட்டன. சுவர் மட்டும் இன்னும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது, அதற்கு மட்டும் எந்தக் கேடும் வரக்காணோம்.

லூசியின் அம்மா செங்கோல்மேரி கரும்பு வெட்டுகிறவர். ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். லூசி அப்போது கடலூரில் நர்ஸ் படிப்பில் இருந்தார். காலனித் தூம்பாவைத் தூக்கினால் அடிப்பலகை கையோடு வருகிறது, செல்லரித்துப் போயிருந்தது. அப்பா சூசைமுத்து கோயில் தெருவுக்குப் போய்ச் சாமான் அறைச் சாவியைக் கேட்டார். சாவி வைத்திருந்த பெரியவர் வாசலுக்கு வரவேயில்லை, உள்ளேயிருந்தே பதில் சொன்னார்.

"எங்க தூம்பாவுல உங்க பொணம் போச்சுன்னா, நாளைக்கு எங்க பொணம் எதுல போறது?"

தந்தி கிடைத்து, பஸ் பிடித்து, வெள்ளத்தில் பஸ் நின்று, லூசி ஊர் வந்து சேர்ந்தபோது குழிமேல் மண்ணே இறுகியிருந்தது. பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அதை எழுதும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

ஞாயிற்றுக்கிழமை பகல் பூசை முடிந்த நேரம், சேவியர்ராஜ் வந்தான். எப்படி வந்தான் என்றால், எப்போதும் வருகிற மாதிரிதான். ஸ்கூட்டரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கரும்புக் கொல்லை வரப்பில் நடந்து, பின்பக்கமாக வந்து, "அக்கா" என்று கூப்பிட்டான். பேன்ட் ஓரமெல்லாம் சேறு. முன்பக்கம் சிமென்ட் ரோடு பளபளவென்று கிடக்கிறது, அதில் அவன் கால் பட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

"வாங்க சார், வாங்க," என்றார் லூசி. கோபம் வந்தால் தம்பி சாராகிவிடுவான்.

"அக்கா, வெளையாடாத. தமிழ்வேந்தன் போன் பண்ணாரு. ஏழாவது அத்தியாயத்துலேர்ந்து ரெண்டு வரிய எடுத்து அட்டையிலயே போடப்போறேன்றாரு. அத எடுத்துடுக்கா."

"ஏன்டா?"

ஏன் என்பது லூசிக்குத் தெரியாமலில்லை. அவன் மகள் ஷீபா சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் சாம் என்ற பையனை விரும்புகிறாள். பையன் திருக்கோவிலூர். அப்பா ஆல்பர்ட் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அவர்கள் ஊரில் கோயில் தெருக் குடும்பம். சாமுக்கு எல்லாம் தெரியும். அவனுடைய அப்பா அம்மாவுக்குத்தான் தெரியாது. ஆல்பர்ட் வாத்தியார் நாசூக்காக, "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு பக்கம்?" என்று கேட்டபோது, சேவியர்ராஜ், "கோயிலுக்குப் பக்கத்துலதாங்க" என்று சொல்லிவைத்திருந்தான். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

"கோயிலுக்குப் பக்கத்துலயா? எப்போ வூட்ட பேத்துக்கினு போய் அங்க வச்ச? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் சாமானத்த தூக்கிக்கினு வந்திருப்பேனே!"

"நக்கல் பண்ணாதக்கா. ரெண்டும் கல்யாணம் முடிச்சி ஒரு வருசம் போவட்டும், அப்புறம் பதமா சொல்லிக்கலாம்னு பையனே சொல்றான். உன் புக்குல அப்பா பேரு, ஊரு பேரு, என் பேரு எல்லாம் இருக்குது. திருக்கோவிலூர்லயே அச்சடிச்சி, ஆல்பர்ட் வாத்தியாரு பஸ் ஏறுற எடத்துலயே கடையில தொங்கவிடுவாங்க. எம் பொண்ணு வாழ்க்கக்கா!"

லூசிக்கு உள்ளே இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். ஷீபாவைப் பிரசவம் பார்த்ததே அவர்தான். தொப்புள்கொடி சுற்றி, நீலம் பாய்ந்து வந்த பிள்ளையை முதுகில் தட்டி அழவைத்த கை இது. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போடுவதா? ஆனால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தில் மிச்சம் என்ன? சாவி கொடுக்காத பெரியவர் செத்தபோது கறுப்புத் தூம்பாவில் ஜம்மென்று போனார். அவருக்குக் கல்லறையில் சலவைக்கல் இருக்கிறது. அம்மாவுக்கு இருப்பது இந்தப் பத்துப் பக்கம்தானே!

"சரி. எடுக்கறதா வைக்கறதான்னு அப்புறம் பேசலாம். மொதல்ல கேளு. படிக்காம நா எதுவும் பண்றதில்ல," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். லூசி படித்தார். காய்ச்சல், மழை, செல்லரித்த பலகை, சாவி, உள்ளேயிருந்து வந்த அந்தக் குரல். அவன் அசையவில்லை. "கடைசியில் பக்கத்து வீட்டுக் கட்டிலை இரவல் வாங்கி, அதில் அம்மாவைக் கிடத்தி" என்று வந்தபோதும் அசையவில்லை. லூசி நிறுத்தாமல் கடைசிப் பத்திக்குப் போனார்.

'என் தம்பி இன்றைக்கும் என் வீட்டு முன்வாசலை மிதிப்பதில்லை. காலனித் தெருவில் நடந்தால் கள்ளக்குறிச்சிக்குத் தெரிந்துவிடும் என்று பயம். கொல்லை வழியாக வந்து கொல்லை வழியாகவே போய்விடுவான். சாவி தர மறுத்தவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இவனை மன்னிக்கத்தான் இன்னும் முடியவில்லை.'

படித்து முடித்ததும் அவருக்கே கொஞ்சம் உறுத்தியது. காகிதத்தில் எழுதும்போது சுருக்கென்று நன்றாக இருந்த வரி, ஆளை எதிரில் வைத்துக்கொண்டு படிக்கையில் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் எழுதியது எழுதியதுதானே, பொய்யா என்ன?

சேவியர்ராஜ் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"கட்டில் இல்லக்கா."

"இன்னா?"

"அம்மாவ தூக்கிக்கினு போனது கட்டில்ல இல்ல. மழையில யாரு கட்டில குடுப்பாங்க? குடுத்த கட்டிலுல நாளைக்கு அவங்க படுக்கணும் இல்ல? அப்பா ரெண்டு மூணு வூடு ஏறி எறங்கிப் பாத்துட்டு வந்தாரு. நம்ம வூட்டுக் கதவ கழட்டுனாரு."

லூசி கண்ணாடியைக் கழற்றினார்.

"கதவுமேல பாய போட்டு, அம்மாவ படுக்கவச்சி, பொடவையால சுத்தி, ஓரமெல்லாம் வேப்பந்தழை கட்டுனோம். பாத்தவங்க கட்டில்னுதான் நெனச்சாங்க. அப்பா, மாமா, பக்கத்து வூட்டு பச்சமுத்து பெரிப்பா, நாலாவது நான். நான்தான் சின்னப் பையன், குள்ளம். என் பக்கம் சாஞ்சிக்கினே வந்துச்சி. அம்மா உருண்டு உழுந்துடுமோன்னு தலைக்கு மேல வச்சி தூக்கிக்கினே போனேன். திரும்பி வந்து அப்பா கதவ வாய்க்கால்ல கழுவி, மறுபடியும் மாட்டிட்டாரு. வேற கதவு ஏது?"

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அப்பாதான் கைல அடிச்சி சத்தியம் வாங்குனாரு. தெரிஞ்சா அக்கா படிப்ப உட்டுட்டு வந்து கோயில் தெருவுல நின்னு கத்துவா, நர்ஸு வேலையும் போச்சு எல்லாம் போச்சுன்னாரு. நீ கத்துவதானே?"

கத்தியிருப்பார். அதில் லூசிக்கே சந்தேகமில்லை. சாவிக்காரர் வீட்டுக் கூரையையே பிய்த்திருப்பார்.

"அப்பா செத்தப்புறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அப்போ நீ கதவுக்கு பெயின்ட் அடிச்சிக்கினு இருந்த." அவன் முதல்முறையாக அக்காளைத் திரும்பிப் பார்த்தான். "கூரை வூடு போயி இந்த வூடு வந்துச்சி. வேப்பமரம், உளுக்காதுன்னு அதே கதவ இழைச்சி மாட்டிட்டாரு அப்பா. கிறிஸ்மஸ்க்கு கிறிஸ்மஸ் நீ நீல பெயின்ட் அடிச்சி, அதுல ஸ்டார் தொங்கவிட்டு, 'எங்க அப்பா செஞ்ச கதவு'ன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருந்த. உங்கிட்ட எப்பிடிக்கா சொல்றது?"

லூசி எழுந்து முன்பக்கம் போனார். கதவு திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது. அதில் பையை மாட்டியிருக்கிறார். சாக்பீஸால் சொட்டு மருந்து தேதி எழுதியிருக்கிறார். வேலை முடித்து மலையிலிருந்து இறங்கி வந்து, கால் கடுக்க அதில் முதுகைச் சாய்த்து நின்றிருக்கிறார். கோபம் வந்தால் படாரென்று அறைந்து சாத்தியும் இருக்கிறார். ஐயோ, எத்தனை தடவை அறைந்து சாத்தியிருக்கிறார்!

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. நடு வீட்டிலேயே நின்றுவிட்டான், கதவுப் பக்கம் வரவில்லை.

"அம்மா தல தாப்பா இருக்கற பக்கம்க்கா. தல ஆடி ஆடி அதுல இடிக்கும்னு, அப்பா தன் துண்ட அவுத்து தாப்பாமேல சுத்தி வச்சாரு. அந்தத் தாப்பாவ தள்ளிக்கினு நா எப்பிடிக்கா உள்ள வருவேன்? எனக்கு காலனித் தெருவு பயம் இல்ல. பயமும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காவ நான் கொல்லப் பக்கமா வரல."

ஊரெல்லாம் போய் ஒவ்வொருவருக்கும் நியாயமாகப் படித்துக் காட்டிய லூசி நர்ஸம்மா, தனக்கு நடந்த அநியாயத்தை எழுதப்போய், கூடப் பிறந்தவனுக்கு ஒரு அநியாயம் பண்ணிவிட்டார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, பொன்னுரங்கத்துக்காக எதை அடித்துவிட்டாரோ அதே மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். கம்மி பண்ணச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எடுத்துடறேன்டா. அந்த அத்தியாயமே வேணாம். ஷீபா நல்லா இருக்கட்டும்."

அவன் கிளம்பிவிடுவான் என்று நினைத்தார். வந்த காரியம்தான் முடிந்ததே. ஆனால் அவன் மேசைமேல் கிடந்த காகிதங்களை எடுத்துப் புரட்டிக்கொண்டு நின்றான்.

"கட்டில்னு போட்டுட்டியேக்கா," என்றான். "தமிழ்வேந்தன் படிச்சாரு. அச்சு கோக்கறவன் படிச்சிருப்பான். அம்மாவ கட்டில்ல தூக்கிக்கினு போனதா நெனச்சிக்கினு இருப்பாங்க."

"அதான் எடுத்துடறேன்னு சொல்றேன் இல்ல?"

"எடுத்தா ஒண்ணுமே இல்லாம போயிடும். எனக்கு தோள்பட்ட இன்னும் வலிக்குதுக்கா." சொல்லும்போது அவன் முகம் அந்தப் பயலின் முகமாகவே ஆகிவிட்டது. "எழுது. கதவுன்னு எழுது. துண்டு சுத்துனத எழுது."

"ஷீபா?"

"உயிரோட இருக்கறவங்களுக்கு படிச்சிக் காட்டாம அச்சுக்குப் போவாதுன்றது உன் சட்டம்தானே? ஆல்பர்ட் வாத்தியாரும் உயிரோடதான் இருக்காரு. கோயிலுக்குப் பக்கத்துலன்னு நா அவருகிட்ட சொல்லிவச்சது பொய். அந்தப் பொய்மேல எம் பொண்ண எப்பிடி உக்காரவைக்கறது? வா, ரெண்டு பேரும் போய் அவருக்கும் படிச்சிக் காட்டலாம்."

போனார்கள். திருத்தி எழுதி, ஷீபாவுக்கும் சாமுக்கும் போனில் முழுக்கப் படித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனார்கள். ஆல்பர்ட் வாத்தியார் வீட்டில் காபி, மிக்சர், உபசாரம் எல்லாம் பிரமாதமாக இருந்தது. சாமின் அம்மா கலையரசி வெற்றிலைத் தட்டுக்கூட எடுத்து வைத்தார். லூசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணு படிச்சிக் காட்டணும்ங்க. கொஞ்சம் வலிக்கும்," என்று ஆரம்பித்தார்.

சாவிக்காரரின் குரல் வந்த இடத்தில் வாத்தியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். லூசி காகிதத்தைத் தாழ்த்தினார். சேவியர்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "படிக்கா," என்றான். அவர் கடைசிவரை படித்தார்.

கலையரசி எழுந்து போகவில்லை. வெகுநேரம் புடவை முந்தியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சேவியர்ராஜைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தத் துண்டு... அத அப்புறம் இன்னா பண்ணாருங்க உங்க அப்பா?"

"தலையில கட்டிக்கினு வந்தாருங்க. மழைங்க."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாத்திய அறைக்கதவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "நிச்சயதார்த்தம் சொன்ன தேதியில நடக்கும்ங்க. அவரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, எம் பையனுக்கு நான் நிப்பேன்." உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வருமா என்பது இதுவரையில் யாருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் மாறி ஏறினார்கள். அது காலனி முனையில் நின்றது. இருவரும் இறங்கினார்கள். வேறு வழியில்லை, ஸ்கூட்டர் கள்ளக்குறிச்சியிலேயே நின்றது. பட்டப்பகலில் சேவியர்ராஜ் அக்காளோடு சிமென்ட் ரோட்டில் நடந்தான். குழாயடியில் காசியம்மாள், "அட, சேவியரா? வழி தெரிஞ்சி வந்தியா?" என்று வாயைப் பிடுங்கினார். அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவைத்தான்.

லூசி பூட்டைத் திறந்து, கதவை மெதுவாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இந்தக் கொஞ்ச நாளாக அவர் அதை மெதுவாகத்தான் தொடுகிறார். தம்பி வழக்கம்போல் சுற்றிக்கொண்டு வருவான் என்று நேரே அடுப்பங்கரைக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தார். கொல்லையில் ஆள் இல்லை. கரும்புத் தோகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போயே விட்டானோ என்று முன்பக்கம் ஓடி வந்தார்.

சேவியர்ராஜ் முன்வாசலைத் தாண்டி உள்ளே நின்றிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவுத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் அது யார் தலையிலோ இடித்துவிடும் என்பதுபோல், விடாமல் நின்றுகொண்டிருந்தான்.